ஒரே புனைபெயர், மூன்று குழுக்கள்: பழைய கணினிக் கலைஞர்களைப் பிரித்து அறிவது பற்றி

நீங்கள் சேகரித்து வரும் பழைய வட்டுகளில் ஒரே புனைபெயர் மூன்று இடங்களில் வருகிறது. 1989ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கமடோர் 64 (அக்கால வீட்டுக் கணினி) இன்ட்ரோவில், அதாவது விளையாட்டுக்கு முன் ஓடும் சிறு திரைக்காட்சியில், ஓவியராக; 1991இல் வெளிவந்த ஓர் அமிகா (கமடோரின் மற்றொரு கணினி) டெமோவில், அதாவது கணினியின் திறனைக் காட்டும் ஒளி-ஒலிப் படைப்பில், இசையமைப்பாளராக; 1993 என்று தேதியிட்ட ஓர் ஆன்சி எழுத்தோவியத்தின் (எழுத்துகளாலும் குறிகளாலும் வரைந்த படத்தின்) சாஸ் பதிவில், அதாவது கோப்பின் கடைசியில் ஒட்டும் விவரக் குறிப்பில், வரைந்தவராக. மூன்றிலும் குழுவின் பெயர் வேறு. அமிகா டெமோவின் திரையில் ஓடும் எழுத்துகளில் மட்டும் 'பழைய இயந்திரத்து நண்பர்களுக்கு' ஒரு வணக்கம் இருக்கிறது. இவர் ஒருவரா மூவரா, ஒருவர் என்றே பதிந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது ஒன்று; கண்டுபிடிக்க முடியாதபோது எப்படிப் பதிவது என்பது மற்றொன்று. பல ஆண்டுகளாக இத்தகைய வட்டுகளுக்குப் பட்டியல் தயாரித்து வருபவன் என்ற முறையில், இரண்டாவதுதான் முக்கியமானது என்பேன். ஏனெனில் முதல் கேள்விக்குப் பெரும்பாலான நேரங்களில் முழு விடை கிடைக்காது; விடை கிடைக்காத பதிவுகளும் பட்டியலில் இருந்தே ஆக வேண்டும்.

பெயர்கள் ஏன் இப்படி மோதிக்கொள்கின்றன என்பதிலிருந்து தொடங்குவோம். இன்று டெமோசீன் என்று அழைக்கப்படும் சமூகம், 1980களில் விளையாட்டுகளின் நகல் தடுப்பை உடைத்தவர்கள் தங்கள் கைவரிசையைக் காட்டுவதற்காக அவற்றின் முன்னால் ஒட்டிவைத்த சிறிய இன்ட்ரோக்களிலிருந்து வளர்ந்தது. செய்த வேலை சட்டத்துக்கு உட்பட்டதல்ல என்பதால் சொந்தப் பெயரைப் போடுவதில்லை என்பது வழக்கமாயிற்று. பின்னர் உடைக்கும் வேலையோடு தொடர்பே இல்லாமல் கலைக்காக மட்டும் டெமோ செய்தவர்களும் அந்த வழக்கத்தை விடவில்லை. பெரும்பாலோர் பதின்ம வயதினர். ஆங்கிலம் பலருக்குத் தாய்மொழி அல்ல. எனவே அவர்கள் எடுத்துக்கொண்ட பெயர்கள் படக்கதைகளிலும் திரைப்படங்களிலும் அகராதியின் கவர்ச்சியான பக்கங்களிலும் கிடைத்த குறுகிய சொற்களாக இருந்தன: பேய், நிழல், சிலந்தி, மந்திரவாதி, இவற்றின் ஆங்கிலச் சொற்கள். கமடோர் 64 திரையின் ஒரு வரியில் 40 எழுத்துகளே அடங்கும், வட்டில் கோப்பின் பெயருக்கு 16 எழுத்துகளே இடம் என்ற நிலையில் நீண்ட பெயர் யாருக்கும் உதவவில்லை. பதிவேடும் இல்லை. வட்டுகள் அஞ்சலில் கை மாறிய காலத்தில், பின்லாந்தில் ஒருவன் வைத்துக்கொண்ட பெயரைப் போர்ச்சுகலில் இன்னொருவன் வைத்துக்கொள்வதைத் தடுப்பதற்கு எதுவுமே இருக்கவில்லை.

இந்த மோதல் அவர்களுக்குத் தெரியாததல்ல. அதனால்தான் புனைபெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டுக் குழுவின் பெயரை எழுதும் வழக்கம் வந்தது. அந்தச் சாய்கோடுதான் அந்தக் காலத்தின் தந்தை பெயர், ஊர்ப் பெயர் எல்லாம். வாசிப்பவருக்கு அன்று அது போதுமானதாக இருந்தது, ஏனென்றால் வாசித்தவரும் அதே மாதத்தில் வாழ்ந்தவர். முப்பது ஆண்டுகள் கழித்து வாசிக்கும் நமக்குத்தான் அது நழுவுகிறது. மனிதர்கள் குழு மாறினார்கள், சிலர் ஒரே நேரத்தில் இரண்டு குழுக்களில் இருந்தார்கள், ஒரே குழு கமடோர் 64 பிரிவு, அமிகா பிரிவு, பிசி பிரிவு என்று கிளைவிட்டுத் தனித்தனி நாடுகளில் இயங்கியது. குழுக்கள் இணைந்தும் போயின: டிரைஸ்டார் என்ற குழுவும் ரெட் செக்டர் என்ற குழுவும் சேர்ந்து டிஆர்எஸ்ஐ என்ற சுருக்கப் பெயரில் தொடர்ந்தது நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அதற்கும் மேலாக, குழுப் பெயர்களே ஒன்றோடொன்று மோதுகின்றன. ஆகவே புனைபெயரும் குழுவும் சேர்ந்து ஒத்துப்போனால் அது ஒரே ஆள் என்பது வலுவான ஊகம், ஆனாலும் ஊகம்தான். குழு வேறாக இருந்தால் ஆளும் வேறு என்று சொல்லவே முடியாது.

ஒரு பெயருக்குப் பலர் என்ற நிலையை மட்டும் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம், ஆனால் எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரே ஆள் பல பெயர்களில் இருந்திருக்கலாம். ஒரு பெயரை அண்ணன் விட்டபின் தம்பி எடுத்துக்கொண்டிருக்கலாம். இருவர் சேர்ந்தே ஒரு பெயரில் கையெழுத்திட்டிருக்கலாம். பிரான்ஸின் அமிகா இசைஞர் பிரெடரிக் மோத் மோபி என்ற பெயரில் புகழ்பெற்றவர், பின்னாளில் எல் மோபோ என்ற பெயரிலும் அறியப்பட்டவர். அதே மோபி என்ற பெயரில் உலகம் அறிந்த அமெரிக்க மின்னிசைக் கலைஞரும் உண்டு; இருவரும் ஒருவரே என்று எண்ணி ஒருவருடைய இசைக் கோப்புகளை மற்றவர் பெயரில் பட்டியலிட்ட தொகுப்புகளை நானே பார்த்திருக்கிறேன். இதைவிட வேடிக்கையான சிக்கல் டி.ஓ.சி. குழுவைச் சேர்ந்த ஒரு நிரலாளருடையது. அவர் வைத்துக்கொண்ட புனைபெயரே 'அறியப்படாதவர்' என்று பொருள்படும் அன்னோன். பட்டியலில் ஆசிரியர் தெரியாத இடத்தில் எல்லாம் இதே சொல்லைப் போடும் பழக்கம் உள்ளவர்கள், அவருக்குச் சொந்தமில்லாத படைப்புகளை அவருடைய கணக்கில் ஏற்றிவிடுவார்கள், அல்லது அவருடையதை ஆளில்லாதது ஆக்கிவிடுவார்கள். ஆசிரியர் தெரியவில்லை என்றால் பதிவில் அந்தப் புலத்தை, அதாவது அதற்குரிய கட்டத்தை, காலியாக விடுங்கள். சொல் எதையும் எழுதாதீர்கள்.

இனிச் சான்றுகளுக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது படைப்பே தன்னைப் பற்றிச் சொல்வதை. ஆனால் கோப்பில் உள்ள ஒவ்வொரு எழுத்தையும் அதை உண்டாக்கியவரே எழுதினார் என்று எடுத்துக்கொள்வதுதான் புதிதாக இத்துறைக்கு வருபவர்கள் செய்யும் முதல் பிழை. அமிகாவின் மாட் இசைக் கோப்பைப் பாருங்கள். 1987இல் கார்ஸ்டன் ஓபார்ஸ்கி எழுதிய அல்டிமேட் சவுண்ட்டிராக்கர் என்ற இசையமைப்பு மென்பொருளின் வழிவந்த இந்த வடிவத்தில் பாடலின் தலைப்புக்கு 20 எழுத்துகள், ஒவ்வொரு ஒலித்துணுக்கின் பெயருக்கும் 22 எழுத்துகள் இடம் உண்டு. பிற்கால வடிவத்தில் 31 துணுக்குகள் என்பதால் மொத்தம் 682 எழுத்துகள் கிடைத்தன. இசைஞர்கள் அந்த இடத்தைக் கடிதத்தாள் போலப் பயன்படுத்தினார்கள்: பெயர், குழு, நண்பர்களுக்கு வணக்கம், சில நேரங்களில் முழு முகவரி. மிகச் சிறந்த சான்று என்று தோன்றும். ஆனால் ஒலித்துணுக்குகள் கடன் வாங்கப்பட்டவை. ஒருவர் இன்னொருவருடைய பாட்டைத் திறந்து அதிலிருந்த துணுக்குகளை அப்படியே வைத்துக்கொண்டு மெட்டை மட்டும் அழித்துப் புதிதாக எழுதினால், பழையவரின் பெயர் அந்த 31 வரிகளில் ஏதோ ஒன்றில் ஒட்டிக்கொண்டே வரும். நான் பார்த்த தவறான ஆசிரியர் குறிப்புகளில் கணிசமானவை இப்படி உண்டானவைதான். பெயர் மேல் வரிகளில், ஒரு வாக்கியத்தின் பகுதியாக இருந்தால் அதற்கு மதிப்புத் தரலாம். பதினேழாவது துணுக்கின் பெயராகத் தனியே கிடந்தால் அது துணுக்கைச் செய்தவரின் பெயராகவே இருக்கலாம்.

இதே கோப்பின் உள்ளே 1080ஆவது பைட்டில் எம்.கே. என்ற நான்கு எழுத்துக் குறி இருக்கும், இரு புள்ளிகளையும் சேர்த்து. அது யாருடைய முதலெழுத்து என்பதற்கு இரண்டு விளக்கங்கள் நெடுநாளாகச் சுற்றி வருகின்றன: மஹோனி, காக்டஸ் என்ற இணையரைக் குறிக்கும் என்பது ஒன்று; மேலே சொன்ன அன்னோனின் இயற்பெயரான மைக்கேல் கிளெப்ஸ் என்பதன் முதலெழுத்துகள் என்பது மற்றொன்று. இரண்டும் எழுத்தளவில் சரியாகப் பொருந்துகின்றன. உலகில் எண்ணற்ற கோப்புகளில் பதிந்து கிடக்கும் ஒரு குறியையே வெறுமனே உற்றுப் பார்த்துத் தீர்க்க முடியவில்லை என்றால், ஓர் ஓவியத்தின் மூலையில் இருக்கும் இரண்டு முதலெழுத்துகளை வைத்து ஆளைப் பிடித்துவிட்டோம் என்று மகிழ்வதற்கு முன் சற்று நிதானிக்க வேண்டும்.

கமடோர் 64 இசைக்கு வேறு விதமான எச்சரிக்கை. அதன் ஒலிச் சில்லுக்கான எஸ்ஐடி என்ற இசைக் கோப்புகளின் தலைப்பகுதியில் பாடலின் பெயர், ஆசிரியர், வெளியீடு என்ற மூன்று புலங்கள், ஒவ்வொன்றும் 32 பைட். ஆசிரியர் புலத்தில் இயற்பெயரும் அடைப்புக்குறிக்குள் புனைபெயருமாக ஒழுங்காக எழுதியிருப்பதைப் பார்த்ததும் இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் அந்தத் தலைப்பகுதி அன்றைய இசைஞர் எழுதியதல்ல. பின்னாளில் இசையை நிரலிலிருந்து பிரித்தெடுத்துத் தொகுத்தவர்கள் எழுதியது. ஹை வோல்டேஜ் எஸ்ஐடி தொகுப்பு என்ற கமடோர் 64 இசைச் சேகரிப்பைப் பராமரிப்பவர்கள் மிகுந்த கவனத்துடன் வேலை செய்பவர்கள், அவர்களுடைய கூற்றை நான் மதிக்கிறேன். ஆனாலும் அது இன்னொரு பட்டியலாளரின் முடிவு. அதையும் வேறொரு தரவுத்தளத்தையும் காட்டி இரண்டு சான்றுகள் ஒத்துப்போகின்றன என்று சொல்வதற்கு முன், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டதா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆம்.

தேதிகளிலும் இதே சிக்கல். 'அவர் 1990இல் இந்தக் குழுவை விட்டார், ஆகவே 1991ஆம் ஆண்டுக் கோப்பு வேறொருவருடையது' என்று வாதிடுவதற்கு முன்னால் அந்த 1991 எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். கமடோரின் 1541 வட்டு இயக்கி கோப்பகத்தில் தேதியைப் பதிவதே இல்லை. அங்கே ஆண்டு என்று ஒன்று இருந்தால் அது திரையில் யாரோ எழுதியதாகவோ பின்னாளில் யாரோ கணித்ததாகவோதான் இருக்கும். அமிகா தேதியைப் பதியும், ஆனால் விரிவாக்க அட்டை இல்லாத அமிகா 500இல் மின்கலத்தில் ஓடும் கடிகாரம் கிடையாது. தொடங்கும் வட்டில் கடைசியாகப் பதிவாகியிருந்த தேதியை எடுத்துக்கொண்டு அங்கிருந்து எண்ணத் தொடங்கிவிடும். அதனால் 1991 இறுதியில் செய்த வேலை இரண்டு ஆண்டு பழைய தேதியோடு அமைதியாக உட்கார்ந்திருக்கும். பிசியில் 1980 சனவரி 1 என்ற தேதியைப் பார்த்தால் கடிகாரம் அமைக்கப்படவில்லை என்று பொருள், அவ்வளவுதான். நம்பத் தகுந்த தேதி என்றால் டெமோ செய்பவர்கள் கூடிப் போட்டியிடும் சந்திப்புகளின் முடிவுப் பட்டியலைச் சொல்வேன்: 1991இல் டென்மார்க்கில் தொடங்கிய தி பார்ட்டி, 1992இல் பின்லாந்தில் தொடங்கிய அசெம்பிளி போன்றவற்றின் முடிவுகள் எந்த நாளில் எந்தப் படைப்பு இருந்தது என்பதை உறுதி செய்கின்றன. அதில் பெயர்களின் எழுத்துகளை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். தூக்கமில்லாத இரவில் அவசரமாகத் தட்டச்சு செய்யப்பட்டவை.

ஓடும் எழுத்துகளைத்தான் நான் மிக அதிகமாகப் பயன்படுத்துகிறேன், மிக அதிகமாகச் சந்தேகிக்கவும் செய்கிறேன். திரையின் அடியில் வலமிருந்து இடமாக நகரும் அந்த நீண்ட வரியில் குழுவின் உறுப்பினர் பட்டியல், யார் சேர்ந்தார் யார் விலகினார் என்ற செய்தி, வட்டு அனுப்ப வேண்டிய அஞ்சல் பெட்டி எண், பிற குழுக்களுக்கு வணக்கம் எல்லாம் இருக்கும். 'இதே பெயரில் இன்னொரு நாட்டில் இருப்பவன் நான் இல்லை' என்று ஒருவர் எரிச்சலோடு எழுதியிருப்பதைக் காணும் நாள் பட்டியலாளருக்குத் திருநாள். வணக்கப் பட்டியல் அதைவிடச் சத்தமில்லாத, ஆனால் வலுவான சான்று. ஒருவர் யாருக்கெல்லாம் வணக்கம் சொல்கிறார் என்பது அவர் யாரோடு வட்டு மாற்றிக்கொண்டார் என்பதைக் காட்டுகிறது. இரண்டு படைப்புகளின் வணக்கப் பட்டியல்கள், அதுவும் எல்லோரும் வணங்கும் பெரிய குழுக்களை நீக்கிவிட்டுப் பார்க்கும்போது மிஞ்சும் சிறிய பெயர்கள், ஒன்றுக்கொன்று பொருந்தினால் அது தற்செயலாக இருப்பது கடினம். ஆனால் எழுத்தை மாற்றுவதும் எளிது. பிறருடைய இன்ட்ரோவை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி வெளியிட்டவர்கள் உண்டு, நண்பனின் பெயரில் எழுதிக் கேலி செய்தவர்கள் உண்டு. ஆகவே ஒரே படைப்பின் வேறு பிரதிகள் கிடைத்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை எறியாமல் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சுவடி பதிப்பித்தவர்கள் பாடபேதம் பார்த்ததற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

பாணியை வைத்து ஆளை அறிவதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதில் எனக்கு நம்பிக்கை குறைவு. அன்றைய ஓவியர்கள் புகழ்பெற்ற கற்பனை ஓவியங்களைப் பார்த்து நகலெடுத்தார்கள். இருவருடைய படங்கள் ஒன்றுபோல் இருப்பதற்குக் காரணம் இருவரும் ஒரே அட்டைப்படத்தைப் பார்த்து வரைந்தது என்பதாக இருக்கும். 160க்கு 200 புள்ளிகளும் 16 நிலையான வண்ணங்களும் கொண்ட கமடோர் 64இன் பல்வண்ண முறையில் சாம்பலையும் பழுப்பையும் கலந்து தோல் நிறம் காட்டும் வழிகள் குறைவு, எல்லோரும் அதே சில வழிகளைக் கற்றுக்கொண்டார்கள். இசையிலும் பலர் ஒரே இசைநிரலை, அதாவது இசையை ஒலிக்கச் செய்யும் நிரலை, பகிர்ந்துகொண்டார்கள் என்பதால் இசைநிரல் ஒத்திருப்பது ஆள் ஒத்திருப்பதைக் காட்டாது. பாணி ஓர் ஐயத்தை எழுப்பப் பயன்படும், தீர்க்கப் பயன்படாது.

எழுத்துருக்களால் உண்டாகும் பொய்யான வேறுபாடுகளையும் கவனியுங்கள். கமடோர் 64 இயல்பாகப் பெரிய எழுத்துகளில் காட்டும் என்பதால் அங்கே பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாட்டுக்குப் பொருளில்லை. எழுத்துக்குப் பதிலாக எண்ணைப் போட்டு எழுதும் பழக்கம் இன்னொன்று. நார்டிக் நாட்டவர் பெயரில் வரும் குறுக்குக் கோடு போட்ட ஓ எழுத்து, டென்மார்க்கிலும் நார்வேயிலும் பயன்பட்ட 865 என்ற குறியீட்டுப் பக்கத்தில் (எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற அட்டவணையில்) எழுதப்பட்டு 437 என்ற அமெரிக்கப் பக்கத்தில் திறக்கப்பட்டால், சிறிய எழுத்து சென்ட் நாணயக் குறியாகவும் பெரிய எழுத்து யென் நாணயக் குறியாகவும் தெரியும். அதை உண்மையான பெயர் என்று நம்பி, நாணயக் குறியோடு ஒரு புதிய கலைஞரை உண்டாக்கிவிட்ட பட்டியல் ஒன்றை நான் திருத்தியிருக்கிறேன். ஆகவே தேடுவதற்கு எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மடக்கிய ஒரு புலம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மூலத்தில் இருந்த பைட்டுகளையும் அப்படியே காப்பாற்றுங்கள்.

இந்த இடத்தில் என்னுடைய பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலையைத் தொடங்கிய புதிதில், ஒரே பெயரும் ஒரே நாடும் பொருந்தின என்பதற்காக இரண்டு ஓவியர்களின் பதிவுகளை ஒன்றாக்கினேன். சில ஆண்டுகளுக்குப் பின் அவர்களில் ஒருவர், தாம் ஒருபோதும் தொட்டிராத இயந்திரத்தில் தமக்கு இருபதுக்கும் மேற்பட்ட படங்கள் இருப்பதாகச் சொல்கிறதே உங்கள் பட்டியல் என்று எழுதினார். பிரிக்க உட்கார்ந்தபோதுதான் சிக்கலின் ஆழம் புரிந்தது. இணைத்த நேரத்தில் எந்தப் படம் எந்தப் பதிவிலிருந்து வந்தது என்ற தகவலை நான் அழித்திருந்தேன். இணைத்த பின் வேறு சிலர் அந்த ஒற்றைப் பதிவில் புதிய படங்களைச் சேர்த்திருந்தார்கள், அவர்கள் இருவரில் யாரை நினைத்துச் சேர்த்தார்கள் என்று கேட்க வழியில்லை. பிற தளங்கள் என் பட்டியலைப் பார்த்துத் தாங்களும் இணைத்திருந்தன. இரண்டாக இருக்க வேண்டியதை ஒன்றாக்குவதும், ஒன்றாக இருக்க வேண்டியதை இரண்டாக விடுவதும் சமமான பிழைகள் அல்ல. பின்னதைச் சான்று கிடைக்கும் நாளில் ஒரு நிமிடத்தில் சரி செய்யலாம். முன்னதைச் சரி செய்ய எனக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் ஆயிற்று, அப்போதும் நான்கு படங்கள் யாருடையவை என்று தெரியாமலே நின்றன.

எனவே பதியும் முறையை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள். படைப்பில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அதை அப்படியே, எழுத்துப்பிழை இருந்தால் பிழையோடும், ஒரு புலத்தில் எழுதுங்கள். அதை எக்காலத்திலும் திருத்தாதீர்கள். ஆளுக்கென்று பெயரில்லாத ஓர் எண்ணை உண்டாக்குங்கள். இந்தப் பெயர் இந்த எண்ணுக்கு உரியது என்பதை மூன்றாவதாக, ஒரு தனிக் கூற்றாக எழுதுங்கள்: யார் சொன்னது, எதை வைத்து, எந்த நாளில், எவ்வளவு உறுதி. உறுதி, ஏற்கத்தக்கது, வெறும் ஊகம் என்ற மூன்று படிகளே போதும்; நூற்றுக்கு இத்தனை என்று எண் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த எண்களுக்குப் பொருள் எதுவும் இல்லை. இது நான் கண்டுபிடித்த முறையல்ல. நூலகங்கள் ஆசிரியர் பெயர்களுக்கு நெடுங்காலமாகச் செய்து வருவதுதான். ஐஎஸ்என்ஐ என்ற 16 இலக்கப் பன்னாட்டு அடையாள எண் ஆளுக்கு அல்ல, பொதுவெளியில் அறியப்படும் அடையாளத்துக்கே தரப்படுகிறது. ஆகவே ஒருவருடைய இயற்பெயருக்கும் புனைபெயருக்கும் தனித்தனி எண்கள் இருக்க முடியும். டெமோக்களுக்கான டெமோசூ என்ற இணையத் தளம் ஒருவருக்குப் பல புனைபெயர்களையும் ஒவ்வொன்றின் எழுத்து வேறுபாடுகளையும் பதிய இடம் தருகிறது. இசைத்தட்டுகளுக்கான டிஸ்காக்ஸ் தளம் ஒரே பெயருடையவர்களை அடைப்புக்குறிக்குள் எண் போட்டுப் பிரிக்கிறது. அந்த எண் பட்டியலாளரின் வசதிக்கானது, கலைஞரின் பெயரில் ஒட்டிவிடக் கூடாது. குறுந்தொகையைத் தொகுத்தவர்கள் பெயர் தெரியாத புலவரை அவர் வரியிலிருந்தே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்று அழைத்தார்கள். அது தொகுத்தவர்கள் தந்த பெயர் என்பதை நாம் இன்றுவரை அறிந்திருப்பதால்தான் அதனால் யாருக்கும் கேடு இல்லை.

உயிரோடு இருப்பவர்களைக் கேட்டுவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். கேளுங்கள், ஆனால் கேட்கும் விதம் முக்கியம். 'இந்தப் படம் நீங்கள் வரைந்ததுதானே' என்று கேட்டால் ஆம் என்ற விடை எளிதாக வரும். பதினாறு வயதில் வரைந்த நூறு படங்களில் எது எது என்று ஐம்பது வயதில் யாருக்கும் தெளிவாக நினைவிருப்பதில்லை. குழுவின் பெயரை மறைத்துப் படத்தை மட்டும் காட்டி, இது எந்தக் காலத்தது, அப்போது யாரோடு இருந்தீர்கள் என்று கேட்பது நல்லது. இயற்பெயரைப் பற்றி நான் கண்டிப்பானவன். பழைய வட்டுகளில் அன்றைய சிறுவர்களின் முழுப்பெயரும் வீட்டு முகவரியும் இருக்கின்றன என்பதனால் அவற்றை இன்று தேடத் தக்க வடிவில் வெளியிடும் உரிமை நமக்கு வந்துவிடாது. மென்பொருளை உடைத்த காலத்தோடு தம் பெயர் சேர்வதை விரும்பாதவர்கள் இருக்கிறார்கள், பெயரையே மாற்றிக்கொண்டு வேறு வாழ்க்கை வாழ்பவர்களும் இருக்கிறார்கள். பின்லாந்து 2020இலும், ஜெர்மனியும் போலந்தும் 2021இலும் டெமோசீனைத் தங்கள் நாட்டு மரபுப் பட்டியல்களில் சேர்த்த பிறகு இதை வரலாறாக எழுதும் ஆர்வம் கூடியிருக்கிறது. அந்த ஆர்வத்தில் இந்த எல்லை அழிந்துவிடக் கூடாது. இரண்டு பெயர்களும் ஒருவருடையவை என்று உங்களுக்குத் தெரிந்தாலும், அவர் விரும்பவில்லை என்றால் இணைப்பை வெளியிடாமல் உள்பதிவில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். எண்ணை அடிப்படையாக வைத்தால் இதைச் செய்வது எளிது. இயற்பெயரை அடிப்படையாக வைத்தால் முடியாது.

இனி உங்கள் மூன்று பதிவுகள். முதலிரண்டும் ஒருவருடையவையாக இருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் 'பழைய இயந்திரத்து நண்பர்கள்' என்ற வணக்கம் மட்டும் அதற்குப் போதாது. 1991இல் அமிகாவில் இருந்தவர்களில் மிகப் பலர் கமடோர் 64இலிருந்து வந்தவர்களே, அந்த வரியை அவர்களில் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். ஓவியர் இசைஞர் ஆனதும் தடையில்லை, இரண்டையும் செய்தவர்கள் உண்டு. அந்த வணக்கத்துக்கு அடுத்த வரிகளில் தனிப் பெயர்கள் வருகின்றனவா என்று டெமோவை இறுதிவரை ஓடவிட்டுப் பாருங்கள். அவற்றில் ஒன்றாவது 1989ஆம் ஆண்டு இன்ட்ரோவின் உறுப்பினர் பட்டியலில் இருந்தால், ஏற்கத்தக்கது என்ற படியில் இணைப்புக் கூற்றை எழுதலாம். அதுவரை இரண்டு எண்கள்.

மூன்றாவதை நிச்சயமாகத் தனியே விடுங்கள். ஆன்சி எழுத்தோவியர்கள் பெரிதும் தொலைபேசிவழி அறிவிப்புப் பலகைகளில் வளர்ந்தவர்கள், அவர்களில் பெரும்பகுதியினர் வட அமெரிக்காவில் இருந்தார்கள். அஞ்சலில் வட்டு மாற்றிய ஐரோப்பியக் குழுக்களோடு அவர்களுக்கு இருந்த தொடர்பு மெல்லியது. அதைவிட முக்கியமான ஒன்று உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. சாஸ் என்பது கோப்பின் கடைசியில் ஒட்டப்படும் 128 பைட் பதிவு, வரைந்தவர் பெயருக்கு அதில் 20 எழுத்துகள், தேதிக்கு 8 இலக்கங்கள். ஏசிட் என்ற ஆன்சி ஓவியக் குழுவைச் சேர்ந்த ஒருவர் அதை உருவாக்கியது 1994இல். 1993 என்ற தேதியோடு ஒரு சாஸ் பதிவு இருக்கிறதென்றால், ஓவியம் 1993ஆம் ஆண்டினதாக இருந்தாலும் அந்தப் பதிவு பின்னால் ஒட்டப்பட்டது. ஒட்டியவர் வரைந்தவரேயாக இருக்கலாம், தொகுப்பைச் சேர்த்தவராகவும் இருக்கலாம். சாஸை நீக்கிவிட்டு ஓவியத்தின் உள்ளேயே கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பொதுவாகக் கீழ்ப்பக்க மூலையில், இரண்டு மூன்று எழுத்துகளில் இருக்கும். அது கிடைக்கும் வரை அந்தப் பதிவில் வரைந்தவர் புலத்தில் பெயரை எழுதி, 'பின்னர் சேர்க்கப்பட்ட சாஸ் பதிவின்படி' என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.